தேரூர் வயலில் பார்த்த உள்ளான்: ஒரே இனமா, இரண்டா?

வயல்வரப்பு

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம், கன்னியாகுமரி மாவட்டத்துத் தேரூர்க் குளத்தை ஒட்டிய வயல்கள். கும்பப்பூ போக நெல் நடவுக்குத் தொளி அடித்து (சேற்றுழவு செய்து) தண்ணீர் கட்டிப் போட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணி வெயில், எனக்குப் பின்னால் சூரியன், அதனால் நிறத்தில் பெரிய ஏமாற்றம் இருக்காது என்று நினைக்கிறேன். பத்துப் பன்னிரண்டு உள்ளான்கள் ஒரே கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. கழுத்தும் மார்பும் ஒரே சீரான மணல் நிறம், புள்ளியோ கோடோ கிடையாது. முதுகில் ஒவ்வொரு இறகும் நடுவில் கருப்பு, ஓரத்தில் வெளிர் மஞ்சள் விளிம்பு, பார்த்தால் செதில் செதிலாகத் தெரிகிறது. அலகு கருப்பு, நுனியில் லேசாகக் கீழே வளைந்திருக்கிறது. கால் மங்கலான பச்சை கலந்த மஞ்சள்.

என் குழப்பம் என்னவென்றால், கூட்டத்தில் இரண்டு அளவு இருக்கிறது. சில பறவைகள் பொரி உள்ளானைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. வேறு சில பவளக்காலி அளவுக்கு, ஏன், அதைவிடவும் பெரியதாக இருக்கின்றன. நிறமும் செதிலும் எல்லாவற்றிலும் ஒன்றுதான். படம் 1, 2 சின்னது. படம் 3-இல் சின்னதும் பெரியதும் சேர்ந்து. படம் 4-இல் இருப்பது முற்றிலும் வேறு மாதிரி: முதுகு சாம்பல், கால் ஆரஞ்சு, அலகின் அடியைச் சுற்றி வெள்ளை. அதுவும் இதே கூட்டத்தில்தான் நின்றது.

ஒரு சத்தம்கூட எழுப்பவில்லை. பக்கத்தில் நின்ற பொரி உள்ளான்கள் கத்திக்கொண்டே பறந்தன, இவை வாயே திறக்கவில்லை. இது என்ன பறவை? ஒரே இனமா, இரண்டு இனமா?

லென்ஸ்_கோவை

படம் 1-ஐப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது பஃப்-பிரெஸ்டட் சாண்ட்பைப்பர். மெர்லின் என்ற பறவை அடையாளச் செயலியில் போட்டுப் பார்த்தேன், முதலில் ரஃப் (பேதை உள்ளான்) என்கிறது, இரண்டாவதாக பஃப்-பிரெஸ்டட் வருகிறது. முகத்தில் புருவக் கோடு இல்லை, கண்ணைச் சுற்றி வெளிர் வளையம், மார்பு முழுக்க மணல் நிறம், கால் மஞ்சள். எல்லாம் பொருந்துகிறதே! வட அமெரிக்க ஆர்க்டிக்கில் இனப்பெருக்கம் செய்து அர்ஜென்டினா, உருகுவே பக்கம் போகிற பறவை. நம் பக்கம் வந்தால் மிகப் பெரிய பதிவு. சின்னவை எல்லாம் அதுவாகவும் பெரியவை ரஃப் ஆகவும் இருக்கலாம் அல்லவா? தயவுசெய்து நாளைக்கே மறுபடியும் போங்கள், இறக்கை விரிந்த படம் ஒன்று கிடைத்தால் போதும்.

உப்பளம்

தம்பி வயல்வரப்பு, நல்ல படங்கள், குறிப்பும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். முக்கியமாக வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எழுதியது. பாதிப் பேர் அதை எழுதுவதே இல்லை.

கரையோரப் பறவைகளில் நிறத்தை முதலில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் கரை சேர மாட்டோம். ஒரே இனம் ஜூலையில் ஒரு நிறம், அக்டோபரில் இன்னொரு நிறம், ஏப்ரலில் மூன்றாவது நிறம். முதலில் அளவு, உடல் அமைப்பு. அப்புறம் வயது. வயது தெரிந்தால்தான் எந்த நிறத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதே தெரியும். நிறம் அதற்குப் பிறகு.

அளவு: படம் 2-இல் உங்கள் பறவைக்கு இடப்பக்கம் பொரி உள்ளான் நிற்கிறது, இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே சேற்றில். பொரி உள்ளான் 20 செ.மீ. பக்கம். உங்கள் பறவை அதைவிட உயரம், உடல் கனம். பஃப்-பிரெஸ்டட் 18 முதல் 20 செ.மீ. தான். பொரி உள்ளானுக்குப் பக்கத்தில் நின்றால் அதே அளவு அல்லது அதைவிடச் சின்னதாகத் தெரிய வேண்டும். இங்கேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அமைப்பு: சின்னத் தலை, நீளக் கழுத்து, தொங்கின வயிறு, கொஞ்சம் கூன் விழுந்த முதுகு. இந்தச் சேர்க்கை ஒரே ஒரு பறவைக்குத்தான், பேதை உள்ளான், அதாவது ரஃப். அலகும் அப்படியே, கிட்டத்தட்ட தலை நீளம், நுனியில் மெல்லிய சரிவு. பஃப்-பிரெஸ்டட் அலகு குட்டை, நேராக இருக்கும்.

படம் 1-ஐ நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். தோளில் நாலைந்து இறகுகள் காற்றில் தூக்கி நிற்கின்றன. ரஃப்பின் தோள் இறகுகளும் இறக்கையின் உள்பக்க நீள இறகுகளும் உடலோடு ஒட்டாமல் தளர்வாக இருக்கும், லேசான காற்றுக்கே கிளம்பிவிடும். தூரத்திலிருந்து ஸ்கோப்பில் பார்க்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவதே அதுதான். நிறம் தெரியாத மேகமூட்டத்திலும் இது தெரியும்.

வயது: எல்லா இறகுகளும் ஒரே நேரத்தில் முளைத்தவை, ஒரே அளவு தேய்மானம், விளிம்புகள் கத்தரித்த மாதிரி சுத்தம். இது இந்த ஜூன், ஜூலையில் முட்டையிலிருந்து வந்த இளம் பறவை. முதிர்ந்த பறவை அக்டோபரில் இப்படி இருக்காது, பழைய தேய்ந்த இறகும் புதிய சாம்பல் இறகும் திட்டுத் திட்டாகக் கலந்திருக்கும், இல்லையென்றால் முழுக்கச் சாம்பலாகியிருக்கும். படம் 4 அதுதான். ஆரஞ்சு கால், அலகடியில் வெள்ளை, குளிர்கால நிறத்துக்கு மாறிய முதிர்ந்த ரஃப்.

ஆக என் கணக்கு: எல்லாமே ரஃப். அளவு விஷயத்தை அப்புறம் எழுதுகிறேன், அது கொஞ்சம் நீளம்.

கும்பப்பூ

நான் அந்தப் பக்கத்து விவசாயிதான், பறவை பார்க்கிறதெல்லாம் வரப்பில் நின்று பார்க்கிற அளவுக்குத்தான். இது பொன்னிற உப்புக்கொத்தி இல்லையா? வருசா வருசம் அதுவும் எங்கள் வயலில் இதே மாதத்தில் இறங்கும், அதுவும் மஞ்சள் கலந்த செதில் முதுகுதான். இன்னொன்று, இந்தப் பறவைகள் விதைநெல்லைப் பொறுக்கித் தின்னுமா? நாற்றங்காலில் இறங்கினால் விரட்டுகிறோம், அது தேவையா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

உப்பளம்

நல்ல கேள்விண்ணே, உப்புக்கொத்தியையும் இதையும் ஒரே வயலில் பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் நிச்சயம் வரும். நிறத்தை விட்டுவிட்டு அது நடக்கிறதைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், தலை நிமிர்த்தி ஒரு கணம் பார்க்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண்ணால் தேடிப் பிடிக்கிற பறவை, அதனால்தான் கண் அவ்வளவு பெரியது, அலகு அவ்வளவு குட்டை. பேதை உள்ளான் ஓடாது, நிற்காது. தலையைத் தாழ்த்தி மேய்கிற புறா மாதிரி நிதானமாக நடந்துகொண்டே இடதும் வலதும் கொத்திக்கொண்டு போகும். தண்ணீரிலும் வயிறு நனைகிற ஆழம் வரை இறங்கும், உப்புக்கொத்தி அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. வயல்வரப்பு தம்பியின் பறவை நிற்காமல் நடந்ததா, ஓடி ஓடி நின்றதா என்று அவரே சொல்லட்டும்.

நெல் விஷயம்: தின்னும். மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் ஆற்றுப் படுகை நெல்வயல்களில் குளிர்காலம் முழுக்க இவை பெருங்கூட்டமாகத் தங்கி நெல் தின்கின்றன. ஆனால் தொளி அடித்த வயலில் இறங்கினால் பெரும்பாலும் மண் புரட்டியதில் மேலே வந்த புழு, பூச்சி முட்டை, வண்டு இவற்றுக்காகத்தான். அறுப்புக்குப் பிறகு தாள் வயலில் சிந்திக் கிடக்கிறதைப் பொறுக்கும். முளை கட்டி விதைத்த நாற்றங்காலை நீங்கள் காவல் காப்பது நியாயம், நடவு வயலில் விட்டுவிடுங்கள் அண்ணே, அங்கே உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை.

வயல்வரப்பு

நிற்காமல் நடந்தது அண்ணே. வீடியோ ஒன்று இருக்கிறது, அதில் பெரிய பறவை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை தலையே தூக்காமல் கொத்திக்கொண்டு போகிறது.

மன்னார்_கரை

வணக்கம், இலங்கையின் மன்னாரிலிருந்து எழுதுகிறேன். வங்காலைச் சரணாலயத்தில் இந்தப் பறவையைப் பார்த்திருக்கிறேன், படம் 3 பார்த்தவுடன் விளங்கியது.

அளவு வித்தியாசம் இனத்தால் வந்தது இல்லை, ஆண் பெண் வித்தியாசம். ஆண் 29 முதல் 32 செ.மீ., பெண் 22 முதல் 26 செ.மீ. எடையில் ஆண் சராசரி 180 கிராம், பெண் 110 கிராம் அளவில். இந்த அளவுக்கு ஆண் பெரிதாக இருக்கிற உள்ளான் நம் பக்கம் வருவதில் வேறு இல்லை. மற்ற உள்ளான்களில் கன இனங்களில் பெண்தான் சற்றுப் பெரியது. இளம் பறவையிலும் இந்த வித்தியாசம் அப்படியே இருக்கும், ஏனென்றால் வடக்கிலிருந்து புறப்படும்போதே முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆகவே ஒரே நிறம், ஒரே செதில், இரண்டு அளவு என்றால் அது ரஃப்புக்கு எதிரான சாட்சி இல்லை, ரஃப் என்பதற்கே மிக நல்ல சாட்சி.

படம் 3-இல் பின்னால் நிற்கிற பெரிய பறவையின் கழுத்தைப் பாருங்கள், வடிவாகத் தெரிகிறது. ஆணின் கழுத்து பெண்ணைவிடத் தடிப்பு. உயர்த்திப் பிடித்தால் வேறு பறவை போலவே இருக்கும். லென்ஸ் அண்ணா சொன்னதுபோல இறக்கை விரித்த படம் கிடைத்தால் எல்லாம் முடிவாகிவிடும்.

லென்ஸ்_கோவை

அளவு விளக்கம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரியவை ரஃப் என்பதாலேயே சின்னவையும் ரஃப் ஆகிவிடாது. கூட்டத்தோடு வேறொரு பறவை ஒட்டிக்கொண்டு வருவது நடக்கிற விஷயம்தான், அபூர்வப் பறவைகள் கிடைப்பதே அப்படித்தான். படம் 1-இல் இருப்பதற்குப் பக்கத்தில் ஒப்பிட வேறு பறவை இல்லை. கால் நிறமும் எனக்கு நல்ல மஞ்சளாகத்தான் தெரிகிறது. அந்த ஒன்றுக்கு மட்டும் தனியாகக் காரணம் சொல்லுங்கள். ஷார்ப்-டெயில்ட் சாண்ட்பைப்பரும் யோசிக்க வேண்டாமா?

உப்பளம்

கேட்டது சரியான கேள்வி, ஒவ்வொரு பறவையையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஷார்ப்-டெயில்ட் இளம் பறவை என்றால் தலை உச்சி செம்பழுப்பில் தொப்பி வைத்த மாதிரி தெரியும், கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம், அது கண்ணுக்குப் பின்னால் அகலமாகும். படம் 1-இன் முகத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் முகம். அதை விட்டுவிடலாம்.

பஃப்-பிரெஸ்டட் என்றால் தலை உச்சியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள், மார்பின் இரு பக்கமும் அதேபோல் புள்ளிகள், மணல் நிறம் வயிற்றின் பின்பகுதி வரைக்கும் ஓடும். படம் 1-இல் மணல் நிறம் மார்போடு நின்று வயிறு வெள்ளையாகிவிடுகிறது, பக்கத்தில் புள்ளியும் இல்லை. காலைப் பொறுத்தவரை, பஃப்-பிரெஸ்டட் கால் கடுகு மஞ்சள். இங்கே முட்டிக்கு மேலே, சேறு படாத இடத்தைப் பாருங்கள், பச்சை தெரிகிறது. முட்டிக்குக் கீழே ஈரச் சேறு காலை வெயிலில் மின்னுகிறது. நீங்கள் பார்க்கிற மஞ்சளில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். சேற்றில் நிற்கிற பறவைக்குக் கால் நிறத்தை முட்டிக்கு மேலேதான் பார்க்க வேண்டும்.

இடமும் ஒரு காரணம். பஃப்-பிரெஸ்டட் தண்ணீரைத் தேடிப் போகாது, குட்டைப் புல் தரை, காய்ந்த மேய்ச்சல் நிலம் அதற்குப் பிடித்த இடம். வழி தவறி வந்த பறவை எங்கேயும் இறங்கும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன். ஆனால் கணுக்கால் தண்ணீரில் நின்று மேய்கிற பறவை என்பதும் கணக்கில் சேரும்.

வயல்வரப்பு

மறுபடியும் போய் வந்தேன். கூட்டம் அங்கேயேதான் இருக்கிறது. ஒரு வல்லூறு தாழப் பறந்து வந்ததும் எல்லாம் கிளம்பின, அப்போது எடுத்தவை படம் 5 முதல் 9 வரை. கொஞ்சம் கலங்கல்தான், ஆனால் இறக்கை தெரிகிறது. பறந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு இறக்கை அடிக்காமல் சறுக்கி வந்து அதே வயலில் இறங்கின. கடைசிப் படத்தில் ஒரு பறவைக்கு இறக்கை நடுவில் பல் விழுந்தாற்போல் இடைவெளி இருக்கிறது, அடிபட்டதா என்று பயமாக இருக்கிறது.

மன்னார்_கரை

அருமை! படம் 6-ஐப் பாருங்கள், வாலின் அடியில் இரண்டு பக்கமும் நீள்வட்ட வெள்ளைத் திட்டு, நடுவில் கருங்கோடு. இரண்டு திட்டும் கீழே கிட்டத்தட்ட ஒன்றுசேர்ந்து வளைவாகத் தெரிகிறது. ரஃப்புக்கு மட்டுமே இது.

உப்பளம்

ஆமாம், இனம் முடிவாகிவிட்டது. படம் 5-இலும் 7-இலும் இருப்பவை சின்னப் பறவைகள், அவற்றிலும் அதே இரட்டைத் திட்டு, இறக்கையில் மெல்லிய வெள்ளைக் கோடு. பஃப்-பிரெஸ்டட்டுக்கு இறக்கைக் கோடும் கிடையாது, வாலடியில் வெள்ளையும் கிடையாது, அடி இறக்கை பளிச்சென்று வெண்மையாக இருந்து மணிக்கட்டுப் பக்கம் ஒரு கரும்பிறை இருக்கும். பவளக்காலியாக இருந்தால் இறக்கையின் பின்விளிம்பு முழுக்க அகல வெள்ளை, முதுகில் வெள்ளைக் கூம்பு, ஊருக்கே கேட்கிற சத்தம் வேறு. பொரி உள்ளானுக்கு வாலடி சதுர வெள்ளை, இறக்கையில் கோடே இல்லை. பறக்கும்போது இறக்கையிலும் வாலடியிலும் எங்கே வெள்ளை இருக்கிறது என்ற ஒன்றைப் பழகிக்கொண்டால் வயலில் கிளம்புகிற கூட்டத்தைக்கூடப் பிரித்துவிடலாம். இறக்கை அடிக்காமல் சறுக்கி இறங்கியதாக எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ரஃப்பின் பழக்கம்தான்.

அந்த இடைவெளி அடிபட்டதில்லை தம்பி, பயப்பட வேண்டாம். வெளி இறக்கையின் பெரிய இறகுகளை உதிர்த்துப் புதிதாக வளர்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில் இடைவெளி இருக்கிறது பாருங்கள், அடிபட்டிருந்தால் ஒரு பக்கம்தான் இருக்கும். இது முதிர்ந்த பறவை என்பதற்கு நல்ல சான்று. இந்த வருடம் பிறந்த இளம் பறவை முதல் இலையுதிர் காலத்தில் வெளி இறக்கை இறகுகளை மாற்றாது, அவை முளைத்தே மூன்று நான்கு மாதம்தான் ஆகிறது. ஆகவே அக்டோபரில் பறக்கிற ரஃப்புக்கு இறக்கையில் இடைவெளி இருந்தால் முதிர்ந்தது. ஒரே சீராக, முழுசாக, நுனி தேயாமல் இருந்தால் இளம் பறவை என்று சொல்லலாம், மாற்றி முடித்துவிட்ட முதிர்ந்ததாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி உள்ள இந்தப் பறவை அநேகமாகப் படம் 4-இல் நின்ற அதே ஆரஞ்சுக் கால்காரர்.

கூட்டத்தில் ஏன் இவ்வளவு இளம் பறவைகள் என்றும் யோசித்திருப்பீர்கள். இந்த இனத்தில் ஆணுக்குக் குடும்பப் பொறுப்பே கிடையாது. ஸ்காண்டிநேவியாவிலிருந்து சைபீரியாவின் கிழக்குக் கோடி வரை ஈரப் புல்வெளியிலும் தூந்திராவிலும் கூடுகட்டுகின்றன, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெண் மட்டும். ஆண்கள் ஜூன் கடைசியிலேயே தெற்கே கிளம்பத் தொடங்கிவிடும், அப்புறம் பெண்கள், கடைசியாகக் குஞ்சுகள், தாயும் தகப்பனும் இல்லாமல், வழி காட்ட யாரும் இல்லாமல். ஆகஸ்டில் நம் குளங்களுக்கு முதலில் வருகிறவை தேய்ந்த இறகோடு வருகிற முதிர்ந்த ஆண்கள், செதில் முதுகோடு வருகிற இளசுகள் பிறகுதான். முதன்முறையாகத் தெற்கே வந்த ஒரு பறவை, பிறந்து நாலு மாதம்கூட ஆகாதது, தேரூர் வயலை எப்படியோ கண்டுபிடித்து இறங்கியிருக்கிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

லென்ஸ்_கோவை

படம் 5, 7 பார்த்தாயிற்று, வெள்ளைத் திட்டு தெளிவாக இருக்கிறது. சின்னவையும் ரஃப், பெண்கள். ஒரு சந்தேகம், தேடிப் பார்த்தபோது ஆண்களில் மூன்று வகை என்று படித்தேன், படம் 3-இல் ஓரத்தில் நிற்கிற பறவை பெரியதும் இல்லை சின்னதும் இல்லை, இடைப்பட்ட அளவாகத் தெரிகிறது. அது அந்த மூன்றாவது வகையாக இருக்குமா?

முகத்துவாரம்

நான் உயிரியல் படிப்பவள், இந்தப் பறவையைப் பற்றி வகுப்பில் ஒரு கருத்தரங்கே நடத்தினோம், அதனால் எழுதுகிறேன்.

ஆணில் பெரும்பான்மை தனியிடம் பிடித்துச் சண்டை போடுபவை, இனப்பெருக்கக் காலத்தில் கழுத்தைச் சுற்றி வரும் இறகு வளையம் அவற்றுக்குப் பெரும்பாலும் கருமை அல்லது செம்பழுப்பு. இரண்டாவது வகை வெள்ளை வளையக்காரர்கள், இடம் பிடிக்காமல் மற்ற ஆண்களின் இடத்திலேயே ஒண்டிக்கொண்டு பெண்ணை அணுகும். மூன்றாவது வகை ஃபீடர், நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் உண்டு. இவற்றுக்கு வளையமே வராது, பெண்ணைப் போலவே இருக்கும். 2006-இல்தான் நெதர்லாந்தின் யுகெமா, பியர்ஸ்மா இருவரும் இதை வெளியிட்டார்கள், அதுவரை அவற்றைப் பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். இறக்கை நீளம் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் விழுந்ததுதான் அவர்களுக்குத் துப்பு கொடுத்தது.

எதனால் என்பது 2016-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மரபணு வரிசையைப் படித்துச் சொன்னபோது தெரிந்தது. சுமார் 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குரோமோசோமின் துண்டு தலைகீழாகத் திரும்பிப் பொருந்திவிட்டது. அதில் நூறு மரபணு அளவுக்கு அடங்கியிருக்கிறது. தலைகீழான பிறகு அவை பிரியாமல் ஒரே கட்டாகத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகின்றன. உடல் அளவு, நிறம், நடத்தை மூன்றும் சேர்ந்தே மாறுவது அதனால்தான். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் தலைகீழ்த் துண்டே வந்தால் கரு பிழைக்காது.

படம் 3-இன் பறவையைப் பொறுத்தவரை, அளந்து பார்க்காமல், மரபணுச் சோதனை இல்லாமல் வயலில் நின்று ஃபீடர் என்று சொல்ல வழியே இல்லை.

உப்பளம்

தங்கச்சி தெளிவாக எழுதியிருக்கிறார், நன்றி. அதோடு படத்தைப் பற்றி ஒன்று: ஓரத்துப் பறவை மற்றவற்றைவிட ஓர் அடி பின்னால், வரப்பு ஓரத்து மேட்டில் கழுத்தை நீட்டி நிற்கிறது. நீள லென்ஸில் முன்னால் பின்னால் நிற்கும் பறவைகளின் தூரம் சுருங்கிவிடும், நிற்கிற விதமும் சேர்ந்துகொண்டால் அளவு ஏமாற்றும். எனக்கு அது பெண்ணாகத்தான் படுகிறது, கழுத்து மெல்லியது.

இன்னொரு விஷயமும் இப்போதே சொல்லிவிடுகிறேன், ஜனவரி வாக்கில் கேள்வி வரும். குளிர்காலத்தில் சில முதிர்ந்த ஆண்களுக்குத் தலையும் கழுத்தும் வெள்ளையாக இருக்கும், பளிச்சென்று தனித்துத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு வெள்ளை வளைய வகை என்று எழுதிவிடாதீர்கள். குளிர்கால வெள்ளையை வைத்து மட்டும் வகை சொல்ல முடியாது.

லென்ஸ்_கோவை

சரி. இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் எப்படிப் பதிவது? வெறும் ரஃப், எண்ணிக்கை என்று போட்டால் போதுமா?

மன்னார்_கரை

போதும்தான், ஆனால் இவ்வளவு விவரம் கையில் இருக்கும்போது விடாதீர்கள். பட்டியலில் ஒவ்வொரு இனத்துக்குள்ளும் வயது, பால் நிரப்புகிற கட்டம் இருக்கிறது. இளம் ஆண் இத்தனை, இளம் பெண் இத்தனை, முதிர்ந்தது ஒன்று என்று நிரப்புங்கள். சந்தேகமானவற்றைப் பால் தெரியாதது என்ற கட்டத்தில் விடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். குறிப்பில் காலின் நிறமும் இறக்கை இடைவெளியும் எழுதுங்கள், படம் 6-ஐக் கட்டாயம் ஏற்றுங்கள். நம் இரண்டு கரையிலும் எந்த வாரத்தில் இளம் பறவை வந்து சேர்கிறது என்பது இப்படிப் பலர் எழுதினால்தான் தெரியவரும். வங்காலையில் நாங்கள் அப்படித்தான் பதிகிறோம்.

கும்பப்பூ

நடவு அடுத்த வாரம் முடிந்துவிடும், பயிர் உயர்ந்தால் இவை எங்கே போகும்? பறவையைப் பார்க்க வருகிறவர்கள் வரப்பை மிதித்து உடைக்காமல் வந்தால் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன், புது வரப்பு இப்போது ஈரமாக இருக்கிறது.

வயல்வரப்பு

அண்ணே, நான் அந்தத் தார்ச்சாலையில் நின்றுதான் எடுத்தேன், வரப்பில் கால் வைக்கவில்லை. உங்கள் வயலா அது! ரொம்ப நன்றி, வருகிற ஞாயிறு வருகிறேன். இ-பேர்டில் மன்னார் அண்ணா சொன்னபடி பிரித்துப் பதிந்துவிட்டேன், இடைப்பட்ட அந்த ஒன்றைப் பால் தெரியாதது என்று விட்டிருக்கிறேன். உப்பளம் அண்ணே, டிசம்பரில் இவற்றை மறுபடி பார்த்தால் இளசு எது முதிர்ந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குள் செதில் போய்விடும் இல்லையா?

உப்பளம்

போய்விடும், நவம்பரிலேயே விளிம்பு வெளுத்து மணல் நிறம் வெள்ளையாகிவிடும், முதுகில் சாம்பல் இறகு முளைத்துக்கொண்டு வரும். டிசம்பரில் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே சாம்பல்தான். அப்போது பார்க்க வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, மடித்த இறக்கையின் போர்வை இறகுகள்: முதுகை மாற்றினாலும் இளம் பறவை இவற்றில் பலவற்றை மாற்றாமல் வைத்திருக்கும், பழைய விளிம்போடு தேய்ந்து பழுப்பேறிக் கிடக்கும், புதுச் சாம்பல் இறகுக்குப் பக்கத்தில் நன்றாக வித்தியாசம் தெரியும். இன்னொன்று கால்: முதல் குளிர்காலத்தில் பச்சையும் மங்கல் மஞ்சளுமாகவே இருக்கும், நல்ல ஆரஞ்சு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். இரண்டும் ஒத்துப்போனால் எழுதுங்கள், ஒன்று மட்டும் தெரிந்தால் வயதைக் காலியாக விடுங்கள்.

பயிர் உயர்ந்ததும் குளத்தின் வற்றுகிற ஓரங்களுக்கும், மணக்குடிப் பக்கத்து உப்பளங்களுக்கும் நகர்ந்துவிடும், அங்கே தேடுங்கள். பிப்ரவரியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து தாள் வயலில் தண்ணீர் நிற்கும்போது மறுபடி வயலுக்கு வர வாய்ப்பு அதிகம், அண்ணன் கும்பப்பூவிடம் சொல்லி வைத்தால் அறுப்பு நாளைச் சொல்வார். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் வரை விடாமல் பாருங்கள். வடக்கே கிளம்புவதற்கு முன் ஆண்களுக்கு மார்பிலும் முதுகிலும் கரும்பட்டை போட்ட இறகுகள் வரத் தொடங்கும். கழுத்து வளையம் வருவதற்கு முந்தைய கட்டம் அது, வளையம் முழுசாக வருவதற்குள் நம் ஊரை விட்டுப் போய்விடும். அந்தப் பட்டை இறகோடு ஓர் ஆண் கிடைத்தால் மார்பை நேராக எடுத்து இதே இழையில் போடுங்கள், கால் முட்டிக்கு மேலே தெரிகிற மாதிரி ஒரு படமும் சேர்த்து.